பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு: கிராபிக்ஸ் கார்டு பெட்டியில் முழு விவரம் அச்சிடப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரையிலான மாதங்களில், விளையாட்டுக்கும் படிப்புக்கும் சேர்த்துப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொள்ள வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பதும், பெற்றோர் ஐம்பதாயிரமோ அறுபதாயிரமோ புரட்டிக்கொண்டு கடைக்கு வருவதும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இப்போது வழக்கமாகிவிட்டன. சென்னை ரிச்சி தெருவுக்கு நேரில் போகிறவர்களும் உண்டு. பாகங்களை இணையத்தில் தனித்தனியாக வரவழைத்து, உள்ளூரில் பூட்டித் தரச் சொல்கிறவர்களும் உண்டு. எப்படி வாங்கினாலும் அந்தத் தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திரையில் தெரியும் காட்சியை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு என்ற ஒரே பாகத்துக்குப் போய்விடுகிறது. திருச்சியில் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பதையும் பழுது நீக்குவதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்த ஒரு பாகத்தைப் பற்றி வாங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் தகவல் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக மக்களின் கவனத்துக்கும் அரசின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

லட்ச ரூபாய் கொடுத்துக் கார்டு வாங்குகிறவர் பெரும்பாலும் விவரம் தெரிந்தவராகவே இருக்கிறார். பதினைந்தாயிரத்துக்கும் முப்பதாயிரத்துக்கும் இடையில் வாங்குகிறவர்தான் பெட்டியின் மேல் உள்ள பெயரையும் எண்ணையும் மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுக்கிறார். ஒரே பெயரில் வெவ்வேறு சரக்கு விற்கப்படுவதும் இந்த விலையில்தான் அதிகம். யாருக்கு ஏமாறத் தெம்பில்லையோ அவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்பதே என் வருத்தம்.

என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3050 என்ற கார்டையே எடுத்துக்கொள்வோம். 2022 ஜனவரியில் இது 8 ஜிபி நினைவகத்துடன் வந்தது. 2024 பிப்ரவரியில் அதே 3050 என்ற பெயரில் 6 ஜிபி நினைவகம் கொண்ட இன்னொரு கார்டு வந்தது. கடையில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு தந்தை என்ன நினைப்பார்? நினைவகம் 2 ஜிபி குறைவு, அதனால் விலை குறைவு, மற்றபடி இரண்டும் ஒன்றுதான் என்றே நினைப்பார். உண்மை அப்படியில்லை. முதலில் வந்த கார்டில் 2,560 கணிப்பு அலகுகள் (காட்சியைக் கணக்கிட்டு வரையும் சிறு பகுதிகள்) இருந்தன. இரண்டாவதில் 2,304 தான். முதல் கார்டின் நினைவகப் பாதை, அதாவது சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையே தகவல் ஓடும் வழி, 128 பிட் அகலம் கொண்டது, நொடிக்கு 224 ஜிபி தகவலைக் கொண்டுசேர்க்கும். இரண்டாவதன் பாதை 96 பிட், கொண்டுசேர்ப்பது 168 ஜிபி. முதலாவது 130 வாட் மின்சாரம் எடுக்கும், இரண்டாவது 70 வாட். பிராண்டு, தலைமுறை, எண் எல்லாம் ஒன்று. கார்டு மட்டும் வேறு.

6 ஜிபி கார்டு மோசமான கார்டு என்று நான் சொல்ல வரவில்லை. மதர்போர்டின் ஸ்லாட் தரக்கூடிய 75 வாட்டுக்குள் அடங்கிவிடுவதால் அதற்குத் தனி மின்இணைப்பு தேவையில்லை. அலுவலகங்களில் இருந்து கழித்துக்கட்டப்பட்ட பிராண்டட் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்திருப்பவருக்கு, எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கியை மாற்றாமல் விளையாட வழிசெய்து தரும் கார்டுகள் மிகச் சில. அவற்றில் இது நல்ல கார்டு. அதற்கென்று ஒரு தனிப் பெயரைக் கொடுத்திருந்தால் அது தன் தகுதிக்காகவே விற்றிருக்கும். இன்னொரு கார்டின் பெயரை அதற்குச் சூட்டியதுதான் தவறு.

இது புதிய பழக்கமும் இல்லை. 2016-ல் ஜிடிஎக்ஸ் 1060 கார்டு 6 ஜிபி, 3 ஜிபி என இரண்டு வடிவங்களில் வந்தபோது, 3 ஜிபி கார்டில் கணிப்பு அலகுகள் 1,280-லிருந்து 1,152 ஆகக் குறைக்கப்பட்டிருந்தன. 2017-ல் வந்த ஜிடி 1030 கார்டு, கிராபிக்ஸுக்கென்றே செய்யப்பட்ட வேகமான ஜிடிடிஆர்5 நினைவகத்துடன் நொடிக்கு 48 ஜிபி கொண்டுசேர்த்தது. அடுத்த ஆண்டு அதே பெயரில் சாதாரண டிடிஆர்4 நினைவகம் பொருத்தப்பட்டு வந்த கார்டில் அது 16.8 ஜிபியாக, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக, வீழ்ந்தது. 2 ஜிபி என்ற எண் இரண்டு பெட்டிகளிலும் ஒன்றேதான். 2022-ன் இறுதியில் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 12 ஜிபியுடன் 8 ஜிபி வடிவம் ஒன்றும் சேர்ந்தபோது, நினைவகப் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கியது.

அதே 2022-ல், விலை உயர்ந்த ஆர்டிஎக்ஸ் 4080 கார்டை 16 ஜிபி, 12 ஜிபி என இரண்டு வடிவங்களாக என்விடியா அறிவித்தது. கணிப்பு அலகுகளிலேயே பெரிய வேறுபாடு இருந்ததால் உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அக்டோபர் மாதம் 12 ஜிபி கார்டின் பெயரை அந்த நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தக் கார்டு 2023 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற வேறு பெயரில் வெளிவந்தது. பெயரை மாற்றுவது நிறுவனங்களால் ஆகாத காரியம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. விலை உயர்ந்த கார்டுக்குக் கிடைத்த அந்த நியாயம் குறைந்த விலைக் கார்டுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகிய இரண்டும் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டிரண்டு வடிவங்களில் விற்கப்படுகின்றன. இவற்றில் கணிப்பு அலகுகள் குறைக்கப்படவில்லை, நினைவகம் மட்டுமே வேறுபடுகிறது என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலையில் இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வித்தியாசம், இரு நிறுவனங்களிலுமே, 50 டாலர்தான். ஆயினும், புதிய விளையாட்டுகள் சிலவற்றில் படத்தின் தரத்தை உயர்த்தி வைத்தால் 8 ஜிபி நிரம்பி வழிந்து காட்சி திக்கித் திக்கி ஓடுவதும், அதே இடத்தில் 16 ஜிபி கார்டு சீராக ஓடுவதும் சோதனைகளில் தெளிவாகப் பதிவாகியுள்ளன. 5060 டிஐ வெளிவந்தபோது விமர்சகர்களின் சோதனைக்கு 16 ஜிபி கார்டுகளே வழங்கப்பட்டன. அதற்கு அடுத்த மாதம் வந்த 5060 கார்டைப் பொறுத்தவரை, விற்பனை தொடங்கும் முன் சுதந்திரமாகச் சோதித்துப் பார்க்கத் தேவையான, கார்டை இயக்கும் ட்ரைவர் மென்பொருளே பெரும்பாலான விமர்சகர்களுக்குத் தரப்படவில்லை. 16 ஜிபி கார்டைப் பற்றிய விமர்சனத்தைப் பார்த்துவிட்டு, அதே பெயரில் விலை குறைவாக இருக்கிறதே என்று 8 ஜிபி கார்டை வாங்குகிற மாணவரை எப்படிக் குறை சொல்வது?

நினைவகத்தின் அளவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜிபி எவ்வளவு என்று கேட்பது மட்டும் போதாது. குதிர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் வாய் சிறிதாக இருந்தால் நெல் மெதுவாகத்தான் கொட்டும். ஜிடி 730 என்ற கார்டு 2014-ல் வந்தது. அதன் 4 ஜிபி டிடிஆர்3 வடிவம் இன்றும் ‘4 ஜிபி கேமிங் கார்டு’ என்ற பெயரில் கடைகளிலும் இணையத்திலும் புதிதாகவே விற்கப்படுகிறது. 64 பிட் பாதை கொண்ட அந்தக் கார்டைவிட, ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் வேகமானது. அதைவிடக் கொடுமை, அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு விளையாட்டுகளுக்கான புதிய ட்ரைவர் வெளியிடுவதை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024-உடன் முடிந்துவிட்டன. சீல் பிரிக்காத பெட்டியில், முழு விலைக்கு, ஆதரவு முடிந்துபோன ஒரு பொருளை விற்பது சட்டப்படி குற்றமாக இல்லாமல் இருக்கலாம். அதை வாங்கிச் செல்கிறவரிடம் அந்த உண்மையைச் சொல்லாமல் விற்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

கடைக்குப் போகும் முன் வாங்குகிறவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு: என்ன விளையாடப் போகிறோம், எந்த மானிட்டரில் விளையாடப் போகிறோம். வேலரண்ட் போன்ற போட்டி விளையாட்டுகளை மட்டும் விளையாடுகிறவருக்கு, சொல்லப்போனால், தொடக்கத்தில் தனிக் கார்டே தேவைப்படாது. இப்போதைய ரைசன் ஜி வகைப் பிராசசர்களில் உள்ள கிராபிக்ஸிலேயே 1080 தெளிவில் (1920 x 1080 புள்ளிகள்) அது நன்றாக ஓடும். அப்படித் தொடங்கிவிட்டு, ஓராண்டு கழித்து நல்ல கார்டு ஒன்று வாங்குவது, இன்றைக்கே அரைகுறைக் கார்டு ஒன்றை வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் இருப்பது நொடிக்கு 60 முறை மட்டும் படத்தைப் புதுப்பிக்கும் சாதாரண மானிட்டர் என்றால், நொடிக்கு 150 ஃப்ரேம், அதாவது 150 படம், தரும் கார்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தின் பயன் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். 24 அங்குல மானிட்டர், 1080 தெளிவு என்பதுதான் நம் ஊர் மாணவர்களில் பெரும்பாலோரின் அளவு. அந்த அளவுக்கு மட்டும் இங்கே பேசுகிறேன்.

பெரிய விளையாட்டுகளையும் விளையாட விரும்புகிறவருக்குக் குறைந்தபட்ச அளவுகோல் ஒன்று இப்போது தானாகவே உருவாகியிருக்கிறது. 2025 மே மாதம் வெளியான டூம்: தி டார்க் ஏஜஸ் என்ற விளையாட்டு, ஒளி படும் விதத்தைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வசதியைக் கார்டிலேயே கேட்கிறது, நினைவகமும் 8 ஜிபி வேண்டும். அது கேட்கும் குறைந்தபட்சக் கார்டுகளில் ஒன்று ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. ஒரு காலத்தில் எல்லோரும் பரிந்துரைத்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டில் அந்த வசதி இல்லை. எனவே ‘ஜிடிஎக்ஸ்’ வரிசைக் கார்டு எதையும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், புதிய கம்ப்யூட்டருக்கு இனி நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2021 அக்டோபரில் வந்த ஆர்எக்ஸ் 6600 இன்றும் இந்த விலையில் மரியாதைக்குரிய கார்டு. காகிதத்தில் அதன் நினைவக வேகமும் 3050-ன் 8 ஜிபி கார்டின் நினைவக வேகமும் ஒன்றாகவே, நொடிக்கு 224 ஜிபியாக, இருந்தாலும், சிப்புக்குள்ளேயே 32 எம்பி அளவுக்கு இடைநினைவகம் (கேச்) வைத்திருப்பதாலும் அதன் கணிப்புத் திறன் கூடுதல் என்பதாலும் விளையாட்டுகளில் அது தெளிவாக முந்துகிறது. 132 வாட் போதும். நடுத்தரமான எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கும். அதன் வயதைத்தான் கவனிக்கவேண்டும். 2025-ன் இறுதியில் அந்தத் தலைமுறைக் கார்டுகளின் ட்ரைவரை ஏஎம்டி தனிக் கிளையாகப் பிரித்துவிட்டது; புதிய கார்டுகளுக்கு வரும் மேம்பாடுகள் எல்லாம் இனி அவற்றுக்கும் வரும் என்று நம்ப முடியாது. ஐந்து ஆண்டு வைத்துக்கொள்ள நினைக்கிறவர், கையில் இன்னும் சில ஆயிரம் இருந்தால் புதிய தலைமுறைக்குப் போய்விடுவது நல்லது.

புதியவற்றில் இன்டெல்லின் ஆர்க் பி580 கார்டை நம் ஊரில் பலர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 2024 டிசம்பரில் 249 டாலர் விலையில் வந்த அந்தக் கார்டில் 12 ஜிபி நினைவகமும் 192 பிட் பாதையும் உண்டு. அதே 249 டாலருக்கு 2025-ல் என்விடியா கொண்டுவந்த ஆர்டிஎக்ஸ் 5050 கார்டில் 8 ஜிபியும் 128 பிட்டும்தான். பார்த்தவுடன் இன்டெல் கார்டே லாபம் என்று தோன்றும்; புதிய பிராசசரோடு சேர்த்து வாங்குகிறவருக்கு அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் அந்தக் கார்டு, அதன் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இயக்கப்பட்டிருந்தால் மட்டுமே சரியாக வேலை செய்யும். தவிரவும், ரைசன் 5 2600 போன்ற பழைய பிராசசர்களுடன் பூட்டும்போது அதன் வேகம் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைவது 2025-ன் தொடக்கத்தில் வெளியான சோதனைகளில் தெரியவந்தது. பழைய கம்ப்யூட்டரில் கார்டை மட்டும் மாற்றப் போகிறவருக்கு இந்த ஒரு தகவல் பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ளது. அது பெட்டியின் முகப்பில் இருக்கவேண்டிய தகவல்.

மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டைப் பற்றியும் யாரும் சொல்வதில்லை. ஸ்லாட் முழு நீளமாக இருக்கிறது, கார்டும் முழு நீளமாகச் செருகுகிறது. அதனால் கார்டும் பிராசசரும் தகவல் பரிமாறிக்கொள்ளும் பதினாறு பாதைகளும் வேலை செய்கின்றன என்று தோன்றுகிறது. ஆனால் 3050, 6600, 5060, பி580 ஆகிய எல்லாவற்றிலும் எட்டுப் பாதைகள்தான் இணைக்கப்பட்டிருக்கின்றன. 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் நான்கே நான்கு. பிசிஐ எக்ஸ்பிரஸ் எனப்படும் இந்த இணைப்பின் நான்காம் தலைமுறை வசதியுள்ள மதர்போர்டில் இது பெரிதாகத் தெரியாது. பி450, ஏ520 போன்ற மூன்றாம் தலைமுறை போர்டுகளில், அதிலும் கார்டின் நினைவகம் நிரம்பி, தகவல் ரேமுக்கும் கார்டுக்கும் இடையே ஓட வேண்டியிருக்கும்போது, அந்தப் பாதைக் குறைவு உடனே காட்டிக்கொடுத்துவிடும். 4 ஜிபி நினைவகமும் நான்கு பாதைகளும் கொண்ட 6500 எக்ஸ்டியை அத்தகைய போர்டில் போட்டவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிராசசரிலும் இதே சிக்கல் உண்டு. ரைசன் 5 8500ஜி என்ற பிராசசர் தனிக் கார்டுக்கு ஒதுக்குவது நான்கு பாதைகளை மட்டுமே. முதலில் பிராசசர் கிராபிக்ஸில் தொடங்கிப் பிறகு கார்டு வாங்கலாம் என்று மேலே நான் சொன்ன வழியில் போகிறவர்கள், அதற்கு எட்டுப் பாதை தரும் 8600ஜி போன்ற பிராசசரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு சேர்த்து இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் காலி டப்பா போல இருக்கும். கார்டு கேட்கும் எட்டு பின் இணைப்பு அதில் இருக்காது. அதற்கு மாற்றாக, பழைய நான்கு பின் ஒயர்களிலிருந்து எட்டு பின்னாக மாற்றித் தரும் மலிவான இணைப்பு ஒன்றைச் சிலர் மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். எட்டு பின் இணைப்பு 150 வாட் வரை இழுக்க உரிமையுள்ளது; அந்த மெல்லிய ஒயர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. பின்னைச் சுற்றியுள்ள வெள்ளை பிளாஸ்டிக் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் உருகிக் கார்டின் வாயோடு ஒட்டிக்கொண்டு வருவது பழுதுபார்க்கும் மேசையில் பழகிப்போன காட்சி. கார்டில் இரண்டாயிரம் ரூபாயைக் குறைத்தாவது, மின்சாரத்தை வீணாக்காததற்கான 80 பிளஸ் சான்று பெற்ற, பெயருள்ள நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள் என்று என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் மன்றாடிச் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் அளவே தாங்கும் என்பதால், விளையாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மொத்தமும் சேர்ந்து அணைந்துபோக வாய்ப்புண்டு என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இன்னொரு சிறிய விஷயம். ஆனால் அடிக்கடி நடப்பது. புதிய கார்டு போட்டும் விளையாட்டு முன்பு போலவே திணறுகிறது என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மானிட்டரின் கேபிளைக் கார்டின் பின்புறம் செருகாமல், அதற்கு மேலே மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ துளையில் செருகியிருப்பார்கள். படம் பிராசசர் கிராபிக்ஸிலிருந்து வந்துகொண்டிருக்கும். இருபதாயிரம் ரூபாய்க் கார்டு சும்மா இருக்கும். பெட்டிக்குள் வைக்கப்படும் தாளில் தமிழில் ஒரு வரியும் ஒரு படமும் இருந்தால் இந்த அலைச்சல் மிச்சமாகும்.

விளம்பரங்களில் வரும் ஃப்ரேம் எண்ணிக்கையைப் பற்றித் தனியாகச் சொல்லியாகவேண்டும். இப்போதைய கார்டுகள் உண்மையாக வரையும் ஒரு ஃப்ரேமுக்கு அடுத்ததாக, செயற்கை நுண்ணறிவின் உதவியால் இடைச்செருகல் ஃப்ரேம்களை உருவாக்கிக் காட்டுகின்றன. என்விடியாவின் 50 வரிசைக் கார்டுகள் 2025-ல் வெளிவந்தபோதே ஓர் உண்மை ஃப்ரேமுக்கு மூன்று வரை அப்படிச் சேர்த்தன. ஏற்கெனவே நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் விளையாட்டில் இது காட்சியை அழகாக வழுவழுப்பாக்குகிறது; நல்ல வசதிதான். ஆனால் 25 ஃப்ரேமில் திணறும் விளையாட்டைத் திரையில் 100 என்று காட்டினாலும், மவுசை அசைத்தால் அது பதில் சொல்லும் நேரம் 25 ஃப்ரேமுக்கு உரியதாகவே, சற்றுக் கூடுதலாகவும்கூட, இருக்கும். 2025 ஜனவரியில் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090-க்கு இணையான செயல்திறன் தரும் என்று மேடையிலேயே அறிவிக்கப்பட்டது இந்தக் கணக்கில்தான். குறைந்த விலைக் கார்டுகளின் விளம்பரப் பட்டைகளிலும் இதே கணக்கு நுழைந்துவிட்டது. அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் போடாமல், இடைச்செருகல் இல்லாத எண்ணையும் அதே அளவு எழுத்தில் போடவேண்டும் என்று கட்டாயப்படுத்துவது நியாயமான கோரிக்கையே.

பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. கிராபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டு எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங் 2022 செப்டம்பர் 15-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் சில கழுவித் துடைக்கப்பட்டு, புது விசிறி மாட்டப்பட்டு, இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ‘ஆர்எக்ஸ் 580’ என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, சீனச் சந்தைக்கென 2018-ல் வெளியிடப்பட்ட, 2,304-க்குப் பதிலாக 2,048 கணிப்பு அலகுகள் கொண்ட வடிவம். திறனில் அது ஆர்எக்ஸ் 570-தான். அதைவிட மோசமாக, 2010-ஆம் ஆண்டுக் காலத்து ஜிடிஎஸ் 450 சிப்பில், கார்டுக்குள் பதிந்துள்ள அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விண்டோஸே நம்பும்படி செய்து விற்ற போலிகளும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலி என்விடியா கார்டுகளை 2018 முதல் அடையாளம் காட்டுகிறது. அதைத் திறந்து, அலகுகளின் எண்ணிக்கை, பாதையின் அகலம், நினைவக வகை ஆகிய மூன்றையும் பார்க்காமல் பழைய கார்டுக்கு யாரும் பணம் கொடுக்கக்கூடாது. ஒரு கால் மணி நேரமாவது முழுச் சுமையில் ஓடவிட்டு வெப்பத்தையும் பார்க்கவேண்டும். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம்.

கடைகளில் ‘பில் வேணுமா, வேண்டாமா?’ என்று கேட்கும் வழக்கத்தையும் குறிப்பிடவேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். இருபதாயிரம் ரூபாய்க் கார்டில் அது 3,600 ரூபாய் என்பதால் பில் வேண்டாம் என்று சொல்லும் ஆசை யாருக்கும் வரும். ஆனால் பொதுவாக மூன்றாண்டு தரப்படும் வாரண்டி, பில்லையும் கார்டின் பின்புறம் ஒட்டியுள்ள சீரியல் எண்ணையும் சார்ந்தது. இந்தியாவில் முறையாக இறக்குமதி செய்தவர்தான் அந்தப் பொறுப்பை ஏற்கிறார். பில் கொடுக்கிற கடைகளிலும் ‘கிராபிக்ஸ் கார்டு - 1’ என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். எந்த மாடல், எத்தனை ஜிபி, எந்தச் சீரியல் எண் என்று இல்லாத பில்லை வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்தில் எதை நிரூபிப்பது?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், அளவு, திறன், விலை ஆகியவற்றை அறியும் உரிமையை நுகர்வோருக்குத் தந்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை முதலியவை கிராபிக்ஸ் கார்டு பெட்டியின் மேலும் ஒட்டப்படுகின்றன. குளிர்சாதனப் பெட்டிக்கும் ஏசிக்கும் மின் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரச் சீட்டு இருக்கிறது. பத்து ரூபாய்ப் பொட்டலத்தில்கூட எத்தனை கிராம் என்று போடுகிறார்கள். இருபதாயிரம் ரூபாய்க் கார்டின் விலைச்சீட்டில் நினைவகத்தின் அளவும் வகையும், நினைவகப் பாதையின் அகலம், கணிப்பு அலகுகளின் எண்ணிக்கை, பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகளின் எண்ணிக்கை, தேவைப்படும் வாட்டும் மின்இணைப்பும், ட்ரைவர் ஆதரவு இன்னும் தொடர்கிறதா என்பது ஆகிய சில வரிகளைச் சேர்த்து அச்சிட எவ்வளவு செலவாகிவிடும்? அந்தச் சீட்டை எப்படியும் இந்தியாவில்தான் ஒட்டுகிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவை காரணமாக 2025-ன் கடைசி மாதங்களிலிருந்து நினைவகச் சிப்புகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியிருக்கிறது. அதே பெயரில் நினைவகத்தைக் குறைத்து விற்கும் ஆசை நிறுவனங்களுக்கு இப்போது கூடுமே தவிரக் குறையாது. ஆகவே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை மேற்கண்ட விவரங்களைப் பொட்டலப் பொருட்கள் விதிகளில் சேர்க்கவேண்டும் என்றும், ஒரே பெயரில் கணிப்பு அலகுகள் வேறுபடும் கார்டுகளை விற்பது தவறான விளம்பரம் ஆகுமா என்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆராயவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் எடையளவு விதிகளைச் செயல்படுத்தும் தொழிலாளர் துறை, இணையதளங்களில் விற்கப்படும் கார்டுகளிலும் இறக்குமதியாளரின் விவரம் இருக்கிறதா என்று சோதிக்கலாம். விதி வரும் வரை காத்திராமல், நம் ஊர்க் கம்ப்யூட்டர் வணிகர்கள் மாடலின் முழுப் பெயர், ஜிபி, சீரியல் எண் மூன்றையும் பில்லில் எழுதித் தரும் வழக்கத்தை நாளையே தொடங்கலாம். அதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. வாங்குகிறவர்களும் அப்படி எழுதிக் கேட்டு வாங்கவேண்டும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யலாம்.

தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்கும் முன்பாக, தங்கள் நாளிதழ் இந்தப் பெயர்க் குழப்பத்தைப் பற்றி, கடைகளில் உண்மையாக விற்கப்படும் கார்டுகளை நேரில் வாங்கிச் சோதித்து, மாடல் வாரியாக ஓர் அட்டவணையுடன் கட்டுரை வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சோதனைக்குத் தேவையான கம்ப்யூட்டரையும் மேசையையும் என் பட்டறையில் ஒதுக்கித் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கம்ப்யூட்டர் பழுதுநீக்குநர்,
திருச்சிராப்பள்ளி.